பரீட்சிப்போரைப் பரீட்சித்தல்: சர்வகலாசாலைகளின் மதிப்பீடும் அங்கீகாரமும்

சர்வகலாசாலைக்குச் சட்டம் அளித்திருக்கும் உரிமைகளுள் தலையாயது, ஒருவர் கற்றவர் என்று ஊரறியச் சான்று கூறும் உரிமை. நூல்நிலையத்தைத் தனவந்தர் ஒருவர் அமைத்துவிடலாம். ஆராய்ச்சிக் கூடத்தைத் தொழிற்சாலை நடத்தலாம். பிரசங்கம் எந்த மண்டபத்திலும் நிகழலாம். பட்டம் கொடுக்கும் அதிகாரமோ சட்டத்தின்படி ஏற்பட்ட ஸ்தாபனங்களுக்கே உரியது. அந்தப் பட்டத்தை நம்பித்தான் அரசாங்கம் உத்தியோகம் தருகிறது. எஞ்சினியர் போட்ட கணக்கின்மேல் பாலம் நிற்கிறது. பெற்றோர் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளைக்குச் சம்பளம் கட்டுகிறார்கள். ஆதலால் இந்தச் சான்று எவ்விதம் உண்டாகிறது, அதை உண்டாக்குவோரின் தகுதியை எவர் சோதிக்கிறார் என்னும் இரு வினாக்களும் கல்விமான்கள் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் சங்கதிகள் ஆகா.

முதல் வினாவுக்கு உலகம் கண்ட விடை பரீட்சை; இரண்டாவதற்குக் கண்ட விடை அங்கீகாரம். நம் நாட்டில் இவை இரு வேறு அலுவலகங்களின் காரியமாக, ஒன்றையொன்று பாராமல் நடைபெற்று வருகின்றன. மாணாக்கரை மதிப்பிடுவது தேர்வாணையர் பொறுப்பு. சர்வகலாசாலையை மதிப்பிடுவது பெங்களூரில் தலைமையிடம் கொண்ட ‘நாக்’ என்னும் தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழுவின் பொறுப்பு. ஆனால் இவற்றின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பின்தொடர்ந்து பார்ப்பவர்க்கு, இரண்டும் ஒரே கொள்கையின் பிள்ளைகள் என்பது புலப்படும்: தொலைவில் இருப்பவர், முன்பின் அறியாதவர், எண்ணைக் கொண்டு தீர்ப்புக் கூறுவதே நியாயமானது என்ற கொள்கை அது. அக்கொள்கைக்குத் தக்க காரணம் உண்டு. அதற்கு நாம் கொடுத்துவரும் விலையும் உண்டு. அவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லண்டன் காட்டிய வழி

1836இல் அரச சாசனம் பெற்று ஏற்பட்ட லண்டன் சர்வகலாசாலை, பாடம் சொல்லும் இடமாக ஏற்படவில்லை. யூனிவர்சிட்டி காலேஜ், கிங்ஸ் காலேஜ் என்ற இரண்டு கல்லூரிகள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தன. ஒன்று மதச் சார்பற்றது, மற்றது ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தது. ஒன்றுக்குக் கொடுத்த உரிமையை மற்றதற்கு மறுக்க முடியாத நிலையில், இரண்டின் மாணாக்கரையும் பொதுவில் பரீட்சித்துப் பட்டம் கொடுக்க மூன்றாவது ஸ்தாபனம் ஒன்று வேண்டியிருந்தது. அந்த மூன்றாவதே சர்வகலாசாலை என்ற பெயரைப் பெற்றது. 1854ஆம் ஆண்டுச் சார்லஸ் வுட் அறிக்கை இந்தியாவுக்கு எடுத்துக்காட்டிய மாதிரி இதுதான். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் ஏற்பட்டபோது, அவை பேராசிரியர் இல்லாமலும் வகுப்பறை இல்லாமலும், பரீட்சை நடத்தும் சபைகளாகவே தோன்றின.

இந்த ஏற்பாட்டின் நன்மையை அறியச் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளைப் பார்த்தாலே போதும். சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தார். அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நடத்திய கலாசாலையில் கல்வி கற்றவர்கள். அந்தக் கலாசாலையோ 1855இல், சென்னைச் சர்வகலாசாலை பிறப்பதற்கு முன்னரே மூடப்பட்டுவிட்டது. கடல் கடந்து வந்த ஒருவர், இல்லாமற்போன ஒரு கலாசாலையில் கற்ற கல்விக்கு, அன்றுதான் தோன்றிய ஒரு சர்வகலாசாலையில் சான்று பெற முடிந்தது என்றால், எங்கே கற்றாய், யாரிடம் கற்றாய் என்று கேளாமல் என்ன தெரியும் என்று மட்டும் கேட்ட அந்தப் பரீட்சை முறையே அதற்குக் காரணம். குலமும் செல்வமும் சிபாரிசும் ஆட்சி செலுத்திய ஒரு சமுதாயத்தில், விடைத்தாளில் எழுதியிருப்பது தவிர வேறொன்றையும் பார்க்க இயலாத ஒரு பரீட்சகன் கிடைத்தது சிறிய லாபம் அன்று. இலங்கையிலும் 1921இல் ஏற்பட்ட யூனிவர்சிட்டி காலேஜ், 1942இல் தனிச் சர்வகலாசாலை அமையும்வரை, தன் மாணாக்கரை லண்டன் பரீட்சைக்கே ஆயத்தம் செய்துவந்தது.

நஷ்டமும் அதே மூலத்திலிருந்து வந்தது. பாடம் சொல்பவர் ஒருவர், பாடத்திட்டம் வகுப்பவர் ஒருவர், வினாத்தாள் குறிப்பவர் ஒருவர், விடைத்தாள் திருத்துபவர் ஒருவர் என்று ஆகிவிட்டபடியால், மாணாக்கன் என்ன கற்றான் என்பதை உள்ளபடி அறிந்த ஒரே மனிதராகிய ஆசிரியருக்கு அவனைப் பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை இல்லாமற்போயிற்று. கற்பிப்பது பரீட்சைக்கு அடங்கியது. கர்ஸன் பிரபு காலத்து 1904ஆம் ஆண்டுச் சட்டம் சர்வகலாசாலைகளே கற்பிக்கவும் ஆராயவும் வழி திறந்தது. ஆயினும் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு பரீட்சை நடத்தும் பழைய தொழில் குறைந்தபாடில்லை.

கணித மேதை ராமாநுஜத்தின் வரலாற்றில் எல்லாரும் அறிந்த பகுதி, அவர் கும்பகோணத்திலும் பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமற்போனது. அவ்வளவாகக் கவனிக்கப்படாத பகுதி 1913இல் நடந்தது. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவருடைய குறிப்பேட்டைப் பார்வையிட்ட வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், சென்னைச் சர்வகலாசாலையின் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணித பாட வாரியம் கூடி, அவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது. சிண்டிகேட்டில் ஆட்சேபம் எழுந்தது: விதிப்படி எம்.ஏ. பட்டம் பெற்றவர்க்கே அந்த உதவித்தொகை உரியது. இவரோ பட்டமே பெறாதவர். அப்போது, ஆராய்ச்சியை வளர்ப்பதும் சர்வகலாசாலையின் கடமை என்று சட்டத்தின் முகப்புரையே கூறுவது எடுத்துக்காட்டப்பட்டது. உதவித்தொகை கிடைத்தது. ஆக, ராமாநுஜத்தைத் தள்ளிய ஸ்தாபனமும் கைதூக்கிவிட்ட ஸ்தாபனமும் ஒன்றே. தள்ளியது அதன் பரீட்சை முறை; கைதூக்கியது, விஷயம் அறிந்தவர்கள் ஒருவருடைய எழுத்தை உட்கார்ந்து படித்துப் பார்த்து, தம் பெயரை இட்டுச் சொன்ன அபிப்பிராயம். மதிப்பீடு என்பதற்கு இந்த இரண்டாவது வழியும் உண்டென்பதைச் சென்னைச் சர்வகலாசாலை அன்றே அறிந்திருந்தது.

மதிப்பெண்ணின் உறுதி

தொலைவிலிருந்து வரும் தீர்ப்பு நியாயமானது என்பதற்கு ஆதாரமாக நிற்பது, எண் நடுநிலை தவறாது என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த். 1888இல் பரீட்சைகளின் புள்ளிவிவரத்தை ஆராய்ந்த அவர், லத்தீன் உரைநடைப் பகுதி ஒன்றைத் தகுதியுள்ள 28 பரீட்சகரிடம் கொடுத்துப் பார்த்தபோது, மதிப்பெண்கள் 45 முதல் 100 வரை பரவி நின்றன.

அவரைவிட நமக்கு நெருங்கியவர் ஸர் பிலிப் ஹார்டாக். லண்டன் சர்வகலாசாலையின் கல்விப் பதிவாளராகப் பல ஆண்டுகள் இருந்து பரீட்சை யந்திரத்தை உள்ளிருந்து இயக்கியவர். 1917 முதல் 1919 வரை கல்கத்தா சர்வகலாசாலையை ஆராய்ந்த ஸாட்லர் கமிஷனில் உறுப்பினர். இணைப்புக் கல்லூரி முறையை விட்டு, கற்பிக்கும் ஸ்தாபனமாகவே அமைக்கப்பட்ட டாக்கா சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தர். இந்தியாவில் பரீட்சையின் ஆட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கண்ணாரக் கண்டு திரும்பிய இவர், ரோட்ஸ் என்பவருடன் சேர்ந்து நடத்திய சோதனைகளை 1935இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளி இறுதி வகுப்புச் சரித்திர விடைத்தாள்கள் பதினைந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினைந்தும் உண்மைப் பரீட்சையில் ஒரே மதிப்பெண் பெற்றவை. அனுபவமுள்ள பதினைந்து பரீட்சகர்கள் அவற்றைத் திருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் சென்ற பின்பு, முந்திய குறிகள் யாவும் நீங்கிய அதே தாள்களை அதே பரீட்சகரிடம் மீண்டும் கொடுத்தார்கள். ஒருவர் விலகிக்கொள்ள, பதினான்கு பேர் திருத்தினர். ஆக 210 தீர்ப்புகளை முன்னும் பின்னுமாக ஒப்பிட இடம் கிடைத்தது. அவற்றுள் 92 தீர்ப்புகள் மாறியிருந்தன. பிறர் தீர்ப்போடு முரண்படுவது ஒருபுறம் இருக்க, தேறினான், தேறவில்லை, சிறப்பாகத் தேறினான் என்ற மூன்றில் எது என்பதில் பரீட்சகர் தமது பழைய தீர்ப்போடு தாமே முரண்பட்டார்.

இந்த முடிவு வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் சென்றபின், சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன் தன் அறிக்கையை 1949இல் தந்தது. சர்வகலாசாலைக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் சொல்லலாம் என்றால், பரீட்சைச் சீர்திருத்தத்தையே சொல்வோம் என்பது அக்கமிஷனின் கருத்து. 1966இல் கோத்தாரி கமிஷனும் இதையே வேறு விதமாக வற்புறுத்தி, ஆசிரியரின் அகமதிப்பீட்டுக்கு இடம் தர வேண்டும் என்றும், தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி அளிக்க வேண்டும் என்றும் கூறிற்று. தன்னாட்சி வாய்ந்த கல்லூரிகள் 1978இல் முதன்முதல் தோன்றியது தமிழ்நாட்டிலேயே ஆகும். சென்னை லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, கோயம்புத்தூர்ப் பூ.சா.கோ. கலைக் கல்லூரி ஆகியவை அவற்றுள் சில. பாடத்திட்டம் வகுப்பதும், வினாத்தாள் குறிப்பதும், திருத்துவதும் கல்லூரியைச் சேர்ந்தன. பட்டம் மட்டும் சர்வகலாசாலையின் பெயரால் வழங்கலாயிற்று.

ஏனைய கல்லூரிகளின் மாணாக்கருக்கு இன்றும் நடப்பது என்ன என்பதை அறிய, பருவத் தேர்வு முடிந்தவுடன் கூடும் மதிப்பீட்டு முகாம் ஒன்றுக்குச் சென்று பார்க்க வேண்டும். பல கல்லூரிகளிலிருந்தும் வந்த விடைத்தாள்கள், பதிவெண் இருந்த பகுதி நீக்கப்பட்டு, ‘டம்மி நம்பர்’ இடப்பட்டு, கட்டுக்கட்டாக மேசைமேல் வந்து சேர்கின்றன. முற்பகலில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு என்று திருத்துபவர்க்குக் கணக்கு. ஊதியமும் தாள் எண்ணிக்கைப்படியே. விடைக்குறிப்பு அச்சிட்டுக் கொடுக்கப்படுகிறது. அதில் உள்ள சொற்கள் விடையில் உள்ளனவா என்று பார்த்துக்கொண்டே பேனா நகர்கிறது. தலைமைத் தேர்வாளர் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில தாள்களை எடுத்துச் சரிபார்க்கிறார். திருத்துபவர் அலட்சியக்காரர் என்பதற்கில்லை. பெரும்பாலோர் கடமையுணர்ச்சி உள்ளவர்களே. ஆனால் எதிர்பாராத ஒரு நல்ல விடையைக் கண்டு, இரண்டாம் முறை படித்து, சிந்திக்க அவருக்கு அவகாசம் இல்லை. மாணாக்கனும் இதை நன்கு அறிவான். ஐந்து வருஷத்து வினாத்தாள்களைச் சேகரித்து, திரும்பத் திரும்ப வரும் வினாக்களுக்கு விடையை உருப்போட்டுப் பரீட்சை மண்டபத்துக்குப் போகிறான். தவறினால் அரியர், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று அதற்கும் படிகள் உண்டு. அந்த மறுமதிப்பீட்டிலேயே பணம் பெற்றுக்கொண்டு மதிப்பெண் கூட்டப்பட்டதாகத் தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத் துறை 2018இல் பொறியியல் தேர்வுகள் தொடர்பாக வழக்குப் பதிவு செய்ய நேர்ந்தது.

அகமதிப்பீடு இதற்கு மாற்றாக வந்தது. 25 மதிப்பெண் கல்லூரியில், 75 சர்வகலாசாலையில் என்ற பங்கீடு நம் கலை அறிவியல் கல்லூரிகளில் நன்கு நிலைபெற்றுவிட்டது. ஆயினும் இந்த 25க்குள் ஏற்றத்தாழ்வு காட்ட ஆசிரியர் அஞ்சுகிறார். குறைத்துப் போட்டால் பெற்றோர் வருகிறார்கள், நிர்வாகம் கேட்கிறது, அண்டைக் கல்லூரி கூட்டிப் போடும்போது தம் மாணாக்கர் ஏன் நஷ்டப்பட வேண்டும் என்ற நியாயமும் இருக்கிறது. ஆசிரியருக்கு உரிமை திரும்பியது. அந்த உரிமையைத் துணிந்து செலுத்துவதற்கு வேண்டிய பாதுகாப்பு திரும்பவில்லை.

அங்கீகாரத்தின் வருகை

அங்கீகாரம் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் தோன்றியது. அங்கே கல்லூரிகளைக் கண்காணிக்கும் மத்திய அதிகாரம் இல்லாமையால், 1885 முதல் நியூ இங்கிலாந்து முதலிய பிரதேசங்களில் கல்லூரிகளும் பள்ளிகளும் தமக்குள் சங்கங்கள் அமைத்துக்கொண்டு, எது கல்லூரி எனத் தகும் என்று ஒருவரையொருவர் பார்த்து முடிவு செய்துகொண்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களின் கல்விச் செலவை அரசாங்கம் ஏற்றபோது பெயரளவில் மட்டும் இயங்கிய கல்லூரிகள் பெருகின; ஆதலால் 1952ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகாரத்தை அரசாங்கப் பணத்தோடு பிணைத்தது. சக ஆசிரியரின் தன்னார்வச் சோதனையாகப் பிறந்தது, அன்று முதல் கஜானாவின் வாயிற்காவலாகவும் ஆயிற்று. இந்தியாவிலோ அது பிறந்ததே மானியம் வழங்கும் குழுவின் கையால்.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் நாக் குழுவை நிறுவிற்று. அதே ஆண்டில் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தேசிய அங்கீகார வாரியமும் ஏற்பட்டது. பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பு நாடாகச் சேர்ந்தது இந்த வாரியத்தின் வாயிலாகவே. முதலில் விருப்பமுள்ளவர் விண்ணப்பிக்கலாம் என்றிருந்த நாக் அங்கீகாரம், மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிகளால் கட்டாயமாயிற்று. கட்டாயமாகிப் பத்தாண்டு சென்ற பின்னும், 2023இன் தொடக்கத்தில் பார்லிமெண்டில் அரசாங்கம் தந்த கணக்கின்படி, 1,113 சர்வகலாசாலைகளில் 418ம், 43,796 கல்லூரிகளில் 9,062மே அங்கீகாரம் பெற்றிருந்தன.

2017இல் திருத்தியமைத்த முறையில், சர்வகலாசாலைக்கு 1,000 புள்ளிகள் ஏழு இனங்களாகப் பிரிக்கப்பட்டன: பாடத்திட்டத்துக்கு 150, கற்பித்தல், கற்றல், மதிப்பீட்டுக்கு 200, ஆராய்ச்சிக்கும் சமூகத் தொண்டுக்கும் 250, கட்டடம் முதலிய வசதிகளுக்கு 100, மாணாக்கர் நலத்துக்கு 100, நிர்வாகத்துக்கு 100, ஸ்தாபனத்தின் விழுமியங்களுக்கும் சிறந்த நடைமுறைகளுக்கும் 100. ஸ்தாபனம் தன்னைப் பற்றித் தானே அறிக்கை எழுதி இணையத்தில் ஏற்ற வேண்டும். அதில் உள்ள எண்களை முன்பின் தெரியாத சோதனையாளர் தொலைவிலிருந்து சரிபார்ப்பார். மாணாக்கரின் திருப்தியை மின்னஞ்சலில் விசாரிப்பார்கள். பிறகு வேறு மாநிலத்துப் பேராசிரியர் சிலர் குழுவாக வந்து பார்வையிடுவர். ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு எண்களாலும், முப்பது பங்கு அபிப்பிராயத்தாலும் தீர்மானமாகும். நான்குக்கு 3.51 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏ பிளஸ் பிளஸ், 1.50க்கு மேற்படாவிட்டால் அங்கீகாரம் இல்லை. இடைநிலைகள் ஆறு.

இந்த ஏற்பாட்டால் விளைந்த நன்மைகளை மறுப்பது நன்றியின்மை ஆகும். எத்தனை ஆசிரியர் காலியிடம், நூல்நிலையத்தில் என்ன செலவாயிற்று, மாற்றுத்திறனாளிக்குச் சாய்தளம் உண்டா, மாணாக்கரின் குறைகளைக் கேட்பார் உண்டா என்ற கேள்விகளுக்கு விடை எழுதி வைக்கும் வழக்கமே இல்லாதிருந்த கல்லூரிகள், அகத்தர உறுதிப் பிரிவு என்று ஒன்றை வைத்து ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் நிலைக்கு வந்தது நாக் வந்த பிறகே.

எண்ணியதும் எண்ணாததும்

அங்கீகாரக் குழு, சர்வகலாசாலையின் தலையாய தொழிலாகிய பரீட்சையைச் சோதிக்கும்போது எதைப் பார்க்கிறது என்பதே நம் விசாரணையின் மையம். 2017ஆம் ஆண்டுக் கையேட்டில் இதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. கடைசித் தேர்வு நடந்த நாள் முதல் முடிவு வெளியாகும் வரை எத்தனை நாள் சென்றன, தேர்வு எழுதியவருள் நூற்றுக்கு எத்தனை பேர் மதிப்பீட்டைப் பற்றி முறையிட்டனர், தேர்வுப் பிரிவின் வேலைகள் எவ்வளவு தூரம் கணினிமயமாயின என்பவை அங்கே கேட்கப்படும் வினாக்கள். யாவும் நியாயமானவை, மாதக்கணக்கில் முடிவுக்குக் காத்திருந்த மாணாக்கருக்கு அவற்றின் அருமை தெரியும். ஆனால் வினாத்தாள் சிந்தனையைக் கேட்டதா மனப்பாடத்தைக் கேட்டதா, ஒரே விடைக்கு இரண்டு பேர் எவ்வளவு வேறுபட்ட மதிப்பெண் போட்டார்கள், சிறப்பாகத் தேறியவனின் விடை உண்மையில் சிறப்புடையதா என்ற வினாக்களுக்கு அப்பட்டியலில் எண் இல்லை. ஹார்டாக் கேட்ட வினாவைச் சுற்றிவர உள்ளவை யாவும் எண்ணப்படுகின்றன. அந்த வினா மட்டும் எண்ணப்படவில்லை.

இதனினும் விபரீதமான ஒன்று உண்டு. தேர்ச்சி விகிதமும் புள்ளி பெறும் இனங்களில் ஒன்று. வினாத்தாள் குறிப்பதும் தானே, திருத்துவதும் தானே, தேர்ச்சி அறிவிப்பதும் தானே என்றிருக்கும் ஒரு ஸ்தாபனத்தை நோக்கி, நீ எவ்வளவு பேரைத் தேற வைக்கிறாயோ அவ்வளவு நீ உயர்வாய் என்று சொல்வது, நெல் அளக்கும் மரக்காலின் கொள்ளளவை விற்பவன் கையிலேயே விட்டுவிடுவதை ஒக்கும். கடுமையாகத் திருத்தும் சர்வகலாசாலை தன்னைத் தானே தண்டித்துக்கொள்கிறது.

மூன்றாவதாக, கற்றலின் விளைவுகளை அளக்கும் முறையைச் சொல்ல வேண்டும். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்க அறிஞர் 1956இல், நினைவுகூர்தல் முதல் மதிப்பிடுதல் வரை அறிவின் செயல்களைப் படிநிலைகளாக வகுத்தார். 1958இல் அவரே இந்தியாவுக்கு வந்து பரீட்சைச் சீர்திருத்தப் பயிலரங்குகளை நடத்தினார். இன்று அவர் வகுத்த படிநிலை நம் வினாத்தாள்கள் பலவற்றில் வினாவுக்குப் பக்கத்தில் கே-1, கே-2 என்று அச்சாகிறது. பாடத்தின் விளைவுகள் ஒரு நிரலாகவும், படிப்பின் விளைவுகள் மற்றொரு நிரலாகவும் எழுதப்பட்டு, ஒன்றுக்கொன்று உள்ள உறவு 1, 2, 3 என்ற எண்களால் குறிக்கப்பட்டு, தசம ஸ்தானங்களோடு ‘அடைவு’ கணக்கிடப்படுகிறது. அந்த 3 ஏன் 2 ஆகவில்லை என்று கேட்டால், ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் விடை தெரியாது. ஆனால் கோப்பில் அது இருந்தாக வேண்டும். இடக்குறிப்புப் பதிந்த புகைப்படங்களும், கையொப்பப் பட்டியல்களும், சான்றிதழ் நகல்களும் சேகரிப்பதில் ஓர் ஆசிரியரின் ஆண்டு கழிகிறது. பாடம் தயாரிக்க வேண்டிய நேரத்தைப் பாடம் தயாரித்ததற்கு ஆதாரம் தயாரிப்பதில் செலவிடுகிறார்.

இவ்வளவு பெரிய பலனை எண்களின்மேல் தொங்கவிட்டால், எண்களை விலைக்கு வாங்க முயல்வோர் தோன்றுவது இயற்கை. 2025 பிப்ரவரியில் மத்தியப் புலனாய்வுத் துறை, ஆந்திர மாநிலத்தில் ஒரு நிகர்நிலைச் சர்வகலாசாலையின் நிர்வாகிகளையும், அதைப் பார்வையிடச் சென்ற நாக் குழுவினரையும், உயர்ந்த தகுதிநிலைக்காக லஞ்சம் கைமாறிற்று என்ற குற்றச்சாட்டின்பேரில் கைது செய்தது. அதற்கு முன்பே விண்வெளித் துறையின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து, எட்டுத் தகுதிநிலைகளையும் நீக்கி, அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லலாம் என்றும், மேலும் உயர விரும்புவோர்க்கு ஐந்து படிகள் அமைக்கலாம் என்றும் கூறிற்று. 2024 ஜனவரியில் இச்சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. தரப்பட்டியலுக்கான போட்டி தணியும் என்ற அளவில் இதை வரவேற்கலாம். ஆனால் பல நிலைகளை ஒரே கோடாகச் சுருக்கியதனால், அந்தக் கோட்டை இழுப்பவர் எதைப் படித்துப் பார்த்து இழுக்கிறார் என்ற வினா தீர்ந்துவிடவில்லை.

செய்யத்தக்கது

செய்யத்தக்கது புதுமையான ஒன்று அன்று. 1913இல் சென்னையில் ஒரு பாட வாரியம் செய்ததையே ஒழுங்காகவும் தொடர்ந்தும் செய்வதுதான். பார்வையிட வரும் குழு, வரவேற்பு வளைவையும் வெள்ளையடித்த சுவரையும் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு துறையிலும் மூன்றாண்டு வினாத்தாள்களை வாங்கிப் படிக்கட்டும். முதன்மையாகத் தேறியவன், நடுத்தரமாகத் தேறியவன், எல்லையில் தேறியவன், தவறியவன் என்று தானே குறித்தெடுத்த விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். இதற்கென விடைத்தாள்களில் ஒரு பகுதியை ஐந்தாண்டு பாதுகாக்கும் விதி ஏற்படட்டும். படித்தபின் தான் கண்டதை, இந்தத் துறையில் முதல் வகுப்பு என்பதன் பொருள் இது என்று, காரணத்தோடும் கையொப்பத்தோடும் எழுதி வெளியிடட்டும்.

சர்வகலாசாலையும் தன்னளவில் ஒன்று செய்யலாம். ஹார்டாக்கின் சோதனையை ஆண்டுதோறும் சிறிய அளவில் தானே நடத்தி, திருத்திய தாள்களில் சிலவற்றைப் பெயரறியாதபடி மற்றொருவரிடம் கொடுத்து, இருவர் தீர்ப்புக்கும் இடையே உள்ள தூரத்தை வெளியிடலாம். இங்கிலாந்தில் டர்ஹம் சர்வகலாசாலை 1832இல் தோன்றியபோது ஆக்ஸ்போர்டிலிருந்து பரீட்சகரை வரவழைத்துக்கொண்டது முதல் வேரூன்றிய வெளிப் பரீட்சகர் வழக்கம், தேர்வின் தரத்தைப் பற்றி அவர் எழுத்துமூலம் கருத்துக் கூறுவதையும் தன்னுள் அடக்கியது. நம்மிடம் வெளியிலிருந்து வருபவர் பெரும்பாலும் செய்முறைத் தேர்வுக்கு வந்து கையொப்பமிட்டுச் செல்பவராகக் குறுகிவிட்டார். திருத்திய விடைத்தாளைப் பார்க்க மாணாக்கனுக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தீர்ப்பளித்திருக்க, விண்ணப்பமும் கட்டணமும் இல்லாமல் ஒவ்வொருவர்க்கும் அது குறிப்புரையோடு திரும்பி வருவதே இயல்பான வழக்கமாக வேண்டும். தேர்ச்சி விகிதத்துக்குப் புள்ளி அளிப்பதை அடியோடு நிறுத்த வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள் எழும். நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இது நடவாது என்பது ஒன்று. எல்லாவற்றிலும் எல்லாத் தாளையும் படிக்க யாரும் சொல்லவில்லை. நேரில் வரும் குழு தங்கும் நாட்களில் கூட்டங்களுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் செல்லும் பொழுதில் ஒரு பகல் இதற்குப் போதும். மனிதர் அபிப்பிராயம் பாரபட்சத்துக்கு இடம் தரும் என்பது மற்றொன்று. எண்ணும் மனிதர் அபிப்பிராயமே என்பதை 210இல் 92 தீர்ப்புகள் காட்டிவிட்டன. வேறுபாடு என்னவென்றால், காரணம் எழுதிக் கையொப்பமிட்ட அபிப்பிராயத்தை மறுத்து வாதாடலாம், காரணம் கூறாத எண்ணை மறுக்க வழியில்லை. முன்பின் அறியாதவர் தீர்ப்புக் கூறுவதில் உள்ள நீதியைக் கைவிடவும் வேண்டியதில்லை. விடைத்தாளில் பெயரை மறைப்பது நன்று; திருத்துபவரின் காரணத்தையும் சேர்த்து மறைப்பதே தீது.

ஆகையால் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் பெற்றோர்க்கும், சேரப்போகும் மாணாக்கர்க்கும் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கலாம். வாயிலில் தொங்கும் பலகையில் உள்ள தகுதிநிலையைப் பாருங்கள். அது பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் அத்தோடு நின்றுவிடாமல், சென்ற ஆண்டு வினாத்தாளையும், ஆசிரியர் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்த ஒரு விடைத்தாளையும் காட்டுமாறு கேளுங்கள். காட்டக்கூடிய கல்லூரியை நம்பலாம். கேட்போர் தொகை பெருகினால், அங்கீகாரக் குழுவும் அதையே கேட்க வேண்டிய காலம் வரும்.